உடைந்த வீட்டிலிருந்து காற்றை அளப்பது எப்படி?

அமெரிக்காவில் டொர்னேடோ என்னும் குறுகிய, கடுமையான சுழற்காற்று தாக்கிய ஓரிரு நாட்களில் வரும் செய்திகளில், 'ஈஎஃப்3 வகை, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம்' என்பது போன்ற ஒரு வரி தவறாமல் இடம்பெறும். ஈஎஃப் என்பது டொர்னேடோவின் வலிமைக்கு 0 முதல் 5 வரை தரப்படும் வகை எண்; 5தான் உச்சம். படிப்பவர், எங்கோ ஒரு கருவி அந்தக் காற்றை அளந்து பதிவு செய்திருக்கிறது என்றே எண்ணிக்கொள்வார். நடப்பது வேறு. டொர்னேடோவின் தடம் பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான். ஒரு வீட்டை அது கடந்துபோக ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அவ்வளவு குறுகிய தடத்தில் காற்றுவேகமானி ஒன்று இருப்பதே அரிது, இருந்தாலும் அது பிழைத்துப் பதிவைத் தருவது அதைவிட அரிது. ஆகவே அந்த எண்ணைத் தருவது கருவியல்ல. இடிபாடுகளுக்கு நடுவே நடந்து, எது எப்படி உடைந்தது என்று குறித்துக்கொண்டு வரும் இரண்டு மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழுதான். காற்றின் வேகமாக நமக்குச் சொல்லப்படுவது, உடைந்த பொருளிலிருந்து பின்னோக்கிப் போய்ச் செய்யப்படும் ஊகம். ஊகம் என்பதால் அது மட்டமானது என்றாகிவிடாது. ஆனால் அதன் அடித்தளம் காற்றில் மட்டுமின்றி, கட்டடத்தின் தரத்திலும் பாதி ஊன்றியிருக்கிறது.

ஒரு சொல் விளக்கம். தமிழ்நாட்டு நாளிதழ்கள் டொர்னேடோவைப் பெரும்பாலும் சூறாவளி என்று எழுதுகின்றன. இலங்கைத் தமிழிலோ சூறாவளி என்பது கடலில் உருவாகிக் கரையைக் கடக்கும் புயல். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே டொர்னேடோ என்றே சொல்கிறேன்.

ஆய்வாளர் முதலில் குனிந்து பார்க்கும் இடம் வீட்டின் அடிமட்டம். அமெரிக்காவின் மத்திய, தென் மாநிலங்களில் சாதாரணக் குடியிருப்பு என்பது ஒரு கான்கிரீட் தளம், அதன் விளிம்பில் படுக்கவைத்த மரச்சட்டம், அச்சட்டத்தின் மேல் நிற்கும் மரக்கால்கள், அவற்றின் மேல் கூரைச் சட்டகம் என்ற வரிசையில் எழுவது. இவை ஒவ்வொன்றும் அடுத்ததோடு ஆணியாலோ போல்ட்டாலோ தகட்டாலோ பிணைக்கப்பட்டிருக்கும். காற்று தூக்கும்போது அந்த விசை கூரையிலிருந்து தளம்வரை ஒரு சங்கிலி போல இறங்க வேண்டும், எந்தக் கண்ணி மெலிந்ததோ அது முதலில் அறும். பல வீடுகளில் முதலில் விட்டுக்கொடுப்பது காரை நிறுத்தும் அறையின் அகலமான மெல்லிய கதவு. அது உள்ளே மடிந்ததும் காற்று வீட்டுக்குள் புகுந்து கூரையைக் கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது, வெளியே கூரைக்கு மேல் ஓடும் காற்று அதே நேரத்தில் மேலே இழுக்கிறது, கூரை போன பிறகு மேல்விளிம்பில் பிடிமானமில்லாத சுவர்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன.

எல்லாம் துடைத்துப்போட்டதுபோல் வெறும் தளம் மட்டும் மிஞ்சியிருந்தால், பார்ப்பவர் எவருக்கும் அது உச்சகட்டக் காற்றின் வேலை என்றே தோன்றும். ஆய்வாளர் அங்கேதான் சந்தேகப்படத் தொடங்குவார். கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் வளைந்திருந்து, நட்டும் வாஷரும் அதன் தலையில் இன்னும் இருந்து, அவற்றுக்கடியில் பிளந்த மரத்தின் சிம்பு ஒட்டிக்கொண்டிருந்தால், மரத்தையே கிழித்துக்கொண்டு காற்று போயிருக்கிறது என்று பொருள். போல்ட் நேராக நின்று, மரையில் கீறல்கூட இல்லாமல், நட்டு இருந்த சுவடே காணோம் என்றால், சட்டம் பானை மூடியைத் தூக்குவதுபோல் எளிதாகக் கழன்றிருக்கிறது. போல்ட்டே இல்லாமல் சில ஆணிகள் மட்டும் தென்பட்டால் கணக்கு இன்னும் கீழே இறங்கும். இரண்டு வீடுகளின் புகைப்படமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேகக் கணிப்பில் அவற்றுக்கிடையே மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீட்டர் வித்தியாசம் வரலாம்.

இந்தப் பின்னோக்கிய வாசிப்பை ஒரு துறையாக வளர்த்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. 1920இல் ஜப்பானின் கியூஷூ தீவில் பிறந்த அவர், 1945 ஆகஸ்ட் மாதத்தில் டோபாட்டா நகரத்துப் பொறியியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அதன் அருகிலிருந்த கொகுராதான் ஆகஸ்ட் 9ஆம் தேதி அணுகுண்டுக்கு முதல் இலக்கு. நகரம் கண்ணுக்குத் தெரியாதபடி மூடியிருந்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. சில வாரங்கள் கழித்து நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போன ஃபுஜிட்டா, கல்லறைகளில் பூ வைக்கும் மூங்கில் குழல்களில் எந்தப் பக்கம் கருகியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் திசைகளைக் கோடுகளாக நீட்டி, குண்டு எந்த இடத்தில் எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்கிட்டார். வெடிப்பின் நேர் கீழே மரங்கள் கருகியும் நின்றுகொண்டிருந்தன. சுற்றிலும் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தன. இந்த நட்சத்திர வடிவம் அவர் மனத்தில் தங்கிவிட்டது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்கக் காடொன்றின் மேல் பறந்தபோது அதே வடிவத்தை மீண்டும் கண்டார். டொர்னேடோவால் விழுந்த மரங்கள் அப்படி விழுவதில்லை என்பதால், மேலிருந்து ஒரு காற்றுத் தூண் தரையில் மோதிச் சிதறியிருக்க வேண்டும் என்று அவர் முடிவுக்கு வந்தார். 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் தரையிறங்கும்போது விழுந்து 113 பேரைப் பலிகொண்ட ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 66ஆம் விமானத்தின் விபத்துக்கு அவர் கொடுத்த விளக்கமும் இதுவே. இன்று விமான நிலையங்களில் இத்தகைய கீழ்வீச்சுக் காற்றை எச்சரிக்கும் ரேடார்கள் இருப்பதற்கு, விழுந்த மரங்களைத் திசை குறித்து வரைந்த அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு வந்த ஃபுஜிட்டா, 1957 ஜூன் 20 அன்று வட டகோட்டாவின் ஃபார்கோ நகரைத் தாக்கிய டொர்னேடோவை, ஊர்மக்கள் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட புகைப்படங்களைக் கால வரிசையில் அடுக்கியே ஆராய்ந்தார். 1965 ஏப்ரல் 11 அன்று பல மாநிலங்களில் டொர்னேடோக்கள் அடுத்தடுத்துத் தாக்கிய பிறகு, சிறு விமானத்திலிருந்து வயல்களில் சுருள் சுருளாகப் பதிந்திருந்த கோடுகளைப் படமெடுத்தார். கனமான ஏதோ ஒரு பொருள் இழுபட்டுக் கீறிய தடம் என்றே அதுவரை நம்பப்பட்டது. தரையில் பார்த்தால் கீறலில்லை, சோளத் தட்டையின் துண்டுகள்தான் வரிவரியாகக் குவிந்திருந்தன. பெரிய சுழலுக்குள்ளேயே சிறு சுழல்கள் ஓடுகின்றன என்ற கருத்து இப்படிப்பட்ட தடங்களிலிருந்து வந்தது. ஒரு வீடு சல்லடையாகிப் பக்கத்து வீட்டில் சன்னல்கூட உடையாமலிருப்பதை அற்புதம் என்று சொல்லும் வழக்கம் எங்கும் உண்டு. அந்தச் சிறு சுழல் எந்த வழியாகப் போயிற்று என்பதுதான் பல நேரங்களில் அதற்கு விடை.

1971இல் அவர் வெளியிட்ட ஃபுஜிட்டா அளவுகோல், கடற்காற்றுக்கான போஃபர்ட் அளவின் பன்னிரண்டாம் படியையும் ஒலியின் வேகத்தையும் இரு முனைகளாக வைத்து, இடையே பன்னிரண்டு படிகள் அமைத்தது; நடைமுறையில் எஃப்0 முதல் எஃப்5 வரையே பயன்பட்டன. எஃப்5 என்றால் மணிக்கு 420 முதல் 512 கிலோமீட்டர். படிகளின் வேகங்கள் சீரான கணக்கில் வந்தவை, வீட்டை உடைத்துப் பார்த்துக் கண்டவை அல்ல. தம் அறிக்கைக்கு 'முன்மொழிவு' என்றே அவர் தலைப்பிட்டிருந்தார். ஆனாலும் அந்த எண்கள் கல்வெட்டுப் போலாகிவிட்டன. அணுமின் நிலையங்களின் வடிவமைப்புக்குப் புள்ளிவிவரம் தேவைப்பட்டதால், 1950 முதலான பழைய டொர்னேடோக்களுக்கும் 1970களில் வகை எண் கொடுக்கப்பட்டது. பணியில் அமர்த்தப்பட்ட மாணவர்கள் பழைய செய்தித்தாள்களில் வந்த வருணனையைப் படித்தே அந்த எண்களை இட்டனர். இன்றும் நீண்டகாலப் போக்குகளைப் பேசுவோர் எடுத்தாளும் தரவில் ஒரு பகுதி இவ்வாறு வந்ததுதான் என்பதை மறக்கலாகாது.

பொறியாளர்கள் களத்துக்கு வந்தபின் கணக்கு மாறத் தொடங்கியது. 1970 மே 11 அன்று டெக்சாஸின் லப்பக் நகரில் 26 பேரைக் கொன்ற டொர்னேடோ, டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குள்ளேயே வந்து போனது. அங்கிருந்த பொறியாளர்கள், அவர்களுள் இந்திய வம்சாவளியினரான கிஷோர் மேத்தாவும் ஒருவர், கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எவ்வளவு விசை வந்தால் இந்த இணைப்பு அறும் என்று கேட்டார்கள். டொர்னேடோவின் நடுவிலிருக்கும் குறைந்த அழுத்தத்தால் வீடு பலூன் போல வெடிக்கிறது, ஆகையால் சன்னல்களைத் திறந்துவைக்க வேண்டும் என்பது அன்றைய பரவலான அறிவுரை. இடிபாடுகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. காற்று அடித்த பக்கத்துச் சுவர் உள்நோக்கி விழுந்திருந்தது, மற்றவை வெளிநோக்கி விழுந்திருந்தன. வெடித்த வீட்டில் நான்கும் வெளியே விழுந்திருக்க வேண்டும். சன்னலைத் திறக்க ஓடியவர்கள் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றதுதான் மிச்சம். மேலும், முன்பு நினைத்ததைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே சாதாரண வீடு தரைமட்டமாகிவிடும் என்பதும் தெளிவாயிற்று.

அந்தப் புரிதலின் விளைவே 2007 பிப்ரவரி முதல் தேதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோல், சுருக்கமாக ஈஎஃப். இதில் குடியிருப்பு, பள்ளி, நடமாடும் வீடு, களஞ்சியம், மின்கம்பம், மரம் என 28 சேதக் குறியீடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் சேதத்தின் படிகள் உண்டு. ஒவ்வொரு படிக்கும் எதிர்பார்க்கும் வேகம் ஒன்று, அதற்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் உண்டு. வேகங்கள் ஆறு வல்லுநர்களின் தனித்தனி மதிப்பீட்டைத் திரட்டிப் பெறப்பட்டவை. ஒரு தனி வீட்டின் கூரை பெரும்பகுதி போய்ச் சுவர்கள் நின்றால் மணிக்குச் சுமார் 196 கிலோமீட்டர். உள்ளிருக்கும் சிறு அறைகள் தவிர மற்றவை விழுந்தால் 245. தளம் மட்டும் மிஞ்சினால் 322. அந்தக் கடைசிப் படியில் கட்டுமானம் மோசமாயிருந்தால் 266 வரை இறக்கலாம், மிகச் சிறப்பாயிருந்தால் 354 வரை ஏற்றலாம். அதாவது, துடைத்தெடுக்கப்பட்ட ஒரே வகைத் தளம், போல்ட்டைப் பொறுத்து ஈஎஃப்3 ஆகவும் இருக்கலாம், ஈஎஃப்5 ஆகவும் இருக்கலாம்.

களப்பணி விரைந்து முடிய வேண்டியது. தேசிய வானிலைச் சேவையின் உள்ளூர் அலுவலகத்தார் மீட்புப் பணிக்கு இடையூறில்லாத நேரம் பார்த்துப் பெரும்பாலும் மறுநாள் பகலிலேயே புறப்படுகிறார்கள். தாமதித்தால் சான்று போய்விடும். மக்கள் தார்ப்பாய் கட்டத் தொடங்குவார்கள், மண்வாரி இயந்திரம் இடிபாட்டை ஒதுக்கிவிடும், சாலையில் விழுந்த மரம் அறுபட்டுத் திசை தெரியாமல் போய்விடும். அளவு நாடா, புகைப்படக் கருவி, ஒவ்வொரு புள்ளியையும் வரைபடத்தில் ஏற்றும் கைபேசிச் செயலி, இப்போது டிரோனும் செயற்கைக்கோள் படமும் அவர்களுடைய கருவிகள். தாக்கிய நேரத்தையும் தடத்தையும் ரேடார் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். காற்றில் பறக்கும் சிதிலங்களையே இன்றைய ரேடார் காட்டிக்கொடுக்கிறது. ஆயினும் முக்கியமான கேள்விகளைக் கேட்க வேண்டியது தன் வீட்டுக் குவியலில் புகைப்படத்தைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதரிடம்தான்: கார் அறையின் கதவு மூடியிருந்ததா, எந்த அறையில் இருந்தீர்கள், அந்த லாரி முன்பு எங்கே நின்றிருந்தது. துக்க வீட்டில் ஆணியைப் பற்றி விசாரிப்பது எளிதான வேலையல்ல.

வீடே இல்லாத இடத்தில் மரங்கள்தான் சாட்சி. தடத்தின் இரு பக்கத்து மரங்களும் நடுக்கோட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் டொர்னேடோ. ஒரே திசையிலோ விசிறி போலவோ கிடந்தால் நேர்க்காற்று. இலையுதிர் மரம் ஒன்று பட்டை உரிந்து அடிக்கிளைகளின் முண்டுகளோடு மட்டும் நின்றால், ஈஎஃப் பட்டியல் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டரை எதிர்பார்க்கிறது. ஆனால் மழையில் ஊறிய மண்ணும் உளுத்த வேரும் கணக்கைக் கெடுக்கும். ஆகையால் விழுந்த மரத்தின் வேர்க்குழியையும் எட்டிப்பார்ப்பது வழக்கம்.

இந்த முறையின் எல்லையைக் காட்ட ஓக்லஹோமாவின் எல் ரீனோவைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது. 2013 மே 31 அன்று அந்த ஊருக்கு அருகே உருவான டொர்னேடோ 4.2 கிலோமீட்டர் அகலம் விரிந்தது. அறியப்பட்டவற்றுள் மிக அகலமானது அதுவே. டொர்னேடோ ஆய்வில் அனுபவம் மிக்க டிம் சமாராஸ், அவருடைய மகன் பால், உடன் சென்ற கார்ல் யங் ஆகிய மூவரும் அதில் உயிரிழந்தார்கள். வாகனத்தில் பொருத்திய ரேடார்கள் மணிக்கு 480 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தை அளந்தன. அதைக்கொண்டு ஜூன் தொடக்கத்தில் ஈஎஃப்5 என்று அறிவித்தவர்கள், சேதத்தின் அடிப்படையில் மட்டுமே வகை தர வேண்டும் என்ற விதிப்படி ஆகஸ்டில் அதை ஈஎஃப்3 ஆகக் குறைத்தார்கள். காரணம் எளிது: அந்தக் காற்று பெரும்பாலும் வயல்வெளியில் வீசியது, உடைவதற்கு அங்கே அதிகம் எதுவுமில்லை. விதிப்படி முடிவு சரி. இயற்பியலுக்கு அது பொருந்தவில்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, நடமாடும் ரேடார் அளந்த டொர்னேடோக்களில் ஐந்தில் ஒரு பங்கு ஈஎஃப்4 அல்லது ஈஎஃப்5 அளவு சேதம் விளைவிக்க வல்லவை என்று கண்டது; அதிகாரப்பூர்வப் பட்டியலிலோ அந்த வகைகள் மிகச் சிறுபான்மை. சேத ஆய்வு தருவது வேகத்தின் கீழ் வரம்பு என்று எடுத்துக்கொள்வதே முறை எனக் கருதுகிறேன்.

போல்ட்டின் கதை இங்கே மறுபடி வருகிறது. 2014 ஏப்ரல் 27 அன்று ஆர்கன்சாவின் விலோனியாவில் வீடுகள் தளம்வரை துடைக்கப்பட்டிருந்தும், நட்டும் வாஷரும் இல்லாத போல்ட்டுகள் போன்ற குறைகளைக் கண்ட ஆய்வுக் குழு ஈஎஃப்4 என்பதோடு நின்றது. 2013 மே 20இல் ஓக்லஹோமாவின் மூர் நகரில் 24 பேரைக் கொன்ற டொர்னேடோவுக்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்காவில் ஈஎஃப்5 என்று ஒன்றுகூடப் பதிவாகவில்லை. காற்று தணிந்துவிட்டதா, அளப்பவர் கை இறுகிவிட்டதா என்ற விவாதம் அந்தக் காலம் முழுவதும் நடந்தது. இரண்டாவதுதான் பெரும் காரணம் என்பதே பல வல்லுநர்களின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

இடைவெளியை முடித்தது ஒரு சரக்கு ரயில். 2025 ஜூன் 20 அன்று வட டகோட்டாவின் எண்டர்லின் அருகே மூன்று பேரைக் கொன்ற டொர்னேடோ முதலில் ஈஎஃப்3 என்றே வகைப்படுத்தப்பட்டது. ஃபார்கோவுக்குத் தென்மேற்கே நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் அது. ஃபுஜிட்டா ஆராய்ந்த டொர்னேடோவின் அதே தேதி என்பது தற்செயல். தானியம் நிரம்பிய பெட்டிகள் தடம்புரண்டு கிடந்தன. காலி டேங்கர் பெட்டி ஒன்று சுமார் 145 மீட்டர் தள்ளிப் போய் விழுந்திருந்தது. 28 குறியீடுகளில் ரயில் பெட்டி கிடையாது. கனடாவின் ஆய்வாளர்களும் சேர்ந்து, பெட்டியின் எடையையும் அது போன தொலைவையும் கொண்டு அதைத் தூக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கிட்டபின், அக்டோபரில் வேகம் மணிக்கு 338 கிலோமீட்டருக்கு மேல் என்றும் வகை ஈஎஃப்5 என்றும் திருத்தப்பட்டது. ரயில் பெட்டியின் எடையில் கட்டடக்காரரின் அலட்சியத்துக்கு இடமில்லை.

ஆய்வின் பயன் வகை எண்ணோடு நின்றுவிடுவதில்லை. 2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்லினில் 158 பேர் நேரடியாக உயிரிழந்தபோது, தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் நெடிய விசாரணை நடத்தியது. அங்கிருந்த மருத்துவமனையின் சட்டகம் நின்றும், சன்னல்களும் வெளியுறையும் போனதால் அது மருத்துவமனையாக இயங்க முடியாமற்போனது என்பது அதன் முக்கியக் கண்டறிதல்களுள் ஒன்று. மருத்துவமனை, பள்ளி போன்ற கட்டடங்களுக்கு டொர்னேடோ விசையையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்ற பிரிவு, 2021 இறுதியில் வெளியான அமெரிக்கக் கட்டட வடிவமைப்புத் தரத்தில் முதன்முறையாக இடம்பெற்றது. மூர் நகராட்சி 2014இலேயே, புதிய வீடுகள் மணிக்கு 217 கிலோமீட்டர் காற்றைத் தாங்க வேண்டும் என்று விதித்து, கார் அறைக் கதவையும் கூரை இணைப்பையும் வலுப்படுத்தச் சொன்னது.

இந்தக் குறியீடுகள் அமெரிக்க வீடுகளை வைத்து எழுதப்பட்டவை என்பதால் அப்படியே வேறு நாட்டுக்குப் பொருந்தா. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்தின் சாத்துரியா பகுதியில் சுமார் 1,300 பேரைக் கொன்ற டொர்னேடோ, உலகில் அறியப்பட்டவற்றுள் அதிக உயிர்ப்பலி கொண்டது. அது சிதைத்த தகரக் கூரைக்கும் மண் சுவருக்கும் மூங்கில் தட்டிக்கும் அந்த 28இல் இடமில்லை. கனடா 2013இல் பட்டியலைத் தன் கட்டடங்களுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டது. ஜப்பான் 2012 மே மாதம் த்சுகுபா நகரைத் தாக்கிய டொர்னேடோவுக்குப் பின் தன் சொந்த அளவுகோலை உருவாக்கி 2016 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்நாட்டு வானிலை ஆய்வாளர்கள் இப்போது கையில் கொண்டுபோகும் பட்டியலில் தெருவோரத் தானியங்கி விற்பனைப் பெட்டி உண்டு, சிறு கார் உண்டு, கல்லறைக் கல்லும் உண்டு.